இரண்டணாவுக்குக் கதவு தட்டியவர்கள்

விருதுநகரில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலில் ஒரு டி.வி.எஸ். 50 வந்து நிற்கும் சத்தம் கேட்டால் அப்பா கல்லாவைப் பார்ப்பார், அம்மா அப்பாவைப் பார்ப்பார். தண்டல்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

தண்டல் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. கைக்கு வருவது 850 ரூபாய். தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு சின்ன அட்டை தருவார்கள். கட்டக் கட்ட அதில் ஒரு கிறுக்கல் கையெழுத்து விழும். மழையோ பொங்கலோ, வீட்டில் சாவோ, ஏழு மணிக்கு டி.வி.எஸ். 50 வந்துவிடும். பி.காம். சேர்ந்த புதிதில் ஒரு நாள் அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வட்டி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டியது. அப்பாவிடம் காட்டினேன். "தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் புளி நிறுக்கப் போய்விட்டார்.

தினமும் பணம் வாங்க ஒருவர் கதவைத் தட்டினால் அவர் கடன்காரராகத்தான் இருப்பார். சின்ன வயதிலிருந்தே என் மண்டையில் பதிந்த விஷயம் இது. நாற்பதை நெருங்கும் வயதில் உடுப்பிக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் இது தப்பு என்று தெரிந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியும், அதைத் தெரியவைத்த ஒரு மனிதரைப் பற்றியும்.

பன்னி ஸார்!

இந்தூர், நாக்பூர் என்று சுற்றிவிட்டு 2017-ல் உடுப்பிப் பக்கம் ஒரு கிளைக்கு வந்தேன். (வங்கியின் பெயர் வேண்டாம். இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன் :-)) முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஒருவர் கைகூப்பி "பன்னி ஸார், பன்னி" என்றார். ஒரு நிமிஷம் திக்கென்றது. கன்னடத்தில் 'வாங்க சார், வாங்க' என்கிறாராம். கர்நாடகாவுக்கு வரும் எல்லாத் தமிழனும் ஒருமுறை வாங்கிக்கொள்ளும் அடி இது.

அப்படி வரவேற்றவர்தான் நம் கதாநாயகர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ரெக்சின் பை, பைக்குள் ரசீது அடிக்கும் ஒரு சின்ன மெஷின். எங்கள் கிளையின் பிக்மி ஏஜெண்ட். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, ஊரில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் "பிக்மி அண்ணா".

இரண்டாவது வாரம் மீன் மார்க்கெட் பக்கம் போனபோது அவரைப் பார்த்தேன். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, இவர் கவனிக்காமல் கடந்து போகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மெஷின் கிர்ர் என்று ஒரு சீட்டைத் துப்பியது. அடுத்த கடைக்காரர் டீ வாங்கி வைத்துக் காத்திருந்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். தினம் பணம் வாங்க வருகிற ஆளைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள், டீ வேறு வாங்கி வைக்கிறார்கள்! எங்கள் ஊரில் டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டால் பாதி பஜார் பின்வாசலைத் தேடும்.

கொஞ்சம் சரித்திரம்

பிக்மி என்பது வங்கிகளில் போடும் ஒரு தினசரி சேமிப்பு. அது பிறந்தது இதே உடுப்பியில்தான்.

உடுப்பி, மங்களூர் எல்லாம் சேர்ந்த அந்தக் காலத்துத் தென் கன்னட ஜில்லா, 1956 வரை சென்னை ராஜதானியோடு, பிறகு சென்னை மாகாணத்தோடு இருந்த பகுதி. வங்கிகளுக்கு அது ஒரு விளைநிலம். 1906-ல் உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கியும், அதே வருஷம் மங்களூரில் கனரா வங்கியும் தொடங்கின. 1924-ல் கர்நாடகா வங்கி, 1931-ல் விஜயா வங்கி. இவற்றுக்கு நடுவில் 1925-ல் உடுப்பியில் ஒன்று முளைத்தது. 'கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட்' என்று நீளமான பெயர், மூலதனம் வெறும் 8,000 ரூபாய். தொடங்கியவர்கள் மூன்று பேர்: வியாபாரியான உபேந்திர அனந்த பை, பொறியாளரான வாமன் குட்வா, மதராஸில் மருத்துவம் படித்து வந்த டாக்டர் டி.எம்.ஏ. பை. கைத்தறித் தொழில் நொடித்துப் போய்த் திண்டாடிக்கொண்டிருந்த உள்ளூர் நெசவாளர்களுக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கடன் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் உள்ளவர்கள் ஏற்கெனவே வேறு இடத்தில் போட்டு வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது பணம் இல்லாதவர்கள்தான். 1928-ல் இந்த வங்கி அவர்களைத் தேடிப் போனது. ஒரு ஆளை அனுப்பி, தினமும் வீட்டு வாசலுக்கே போய், குறைந்தது இரண்டணா வாங்கிவரச் சொன்னது. ரொம்பச் சின்னத் தொகை என்பதால் பிக்மி டெபாசிட் என்று பெயர்.

இரண்டணா என்றால் ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. தினமும் இரண்டணா போட்டால் முப்பது நாளில் அறுபது அணா, அதாவது மூன்று ரூபாய் பன்னிரண்டணா. ஒரு நாளும் விடாமல் வருஷம் முழுக்கப் போட்டால் 45 ரூபாய் பத்தணா. இரண்டணாவோடு ஒருவர் வங்கிக் கவுண்டருக்கு வந்து நின்றால் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நாற்பத்தைந்து ரூபாயோடு வந்தால் நாற்காலி போடுவார். இரண்டணாவை நாற்பத்தைந்து ரூபாய் ஆக்குவது மட்டும்தான் பிரச்சினை.

ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி 1882-லேயே வந்துவிட்டதே, அங்கே போய்ப் போடலாமே என்றும் கேட்கலாம். ஆனால் கூலிக்காரருக்குக் காசு கையில் வருவது சாயங்காலம். அந்த நேரத்தில் வங்கியும் பூட்டியிருக்கும், தபால் ஆபீஸும் பூட்டியிருக்கும். காலையில் போகலாம் என்றால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டணா போட அரை நாள் கூலியை யார் விடுவார்? அதற்குள் ராத்திரி அந்தக் காசுக்கு வீட்டில் நாலு செலவு வந்துவிடும். ஆகவே காசும் கையும் சேர்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிக்மியில் வேறு எந்த ரகசியமும் இல்லை.

தண்டலும் இதையேதான் செய்கிறது என்று கவனித்தீர்களா? இரண்டு பேரும் அதே நேரத்துக்கு வருகிறார்கள், அதே பத்து ரூபாயை வாங்குகிறார்கள். நூறாவது நாள் தண்டல்காரர் உங்களிடம் 150 ரூபாய் லாபம் பார்த்திருப்பார். பிக்மிக்காரர் வந்திருந்தால் உங்கள் கையில் ஆயிரம் ரூபாய் இருக்கும். தேவை வருவதற்கு முன்னால் வந்தால் பிக்மி, வந்த பிறகு வந்தால் தண்டல். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்ற அது போதும்.

இதில் பெரிய வட்டி கிடையாது. ஏஜெண்டுக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய் கமிஷன் தர வேண்டியிருப்பதால் மற்ற டெபாசிட்டுகளைவிட வட்டி குறைச்சல்தான். அது தெரிந்தேதான் ஜனங்கள் போடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் 'சுசு' என்று இதே மாதிரி வசூல்காரர்கள் உண்டு. அங்கே வட்டியே இல்லை. மாதம் முழுக்க வசூலித்து, ஒரு நாள் பணத்தைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். அதற்கும் ஆள் வரிசையில் நிற்கிறது. நம் பாடப் புத்தகங்களில் வட்டி என்பது சேமிப்பவருக்குக் கொடுக்கும் கூலி. மார்க்கெட்டில் சேமிப்பவரே, தினம் வந்து வாங்கிப் போகிறவருக்குக் கூலி கொடுக்கிறார்!

யாரை நம்பி?

அந்தக் காலத்தில் வங்கி திவாலாவது சர்வ சாதாரணம். 1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியில் பிறந்ததுதான் 1907-ல் வந்த இந்தியன் வங்கி. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவைச் சாத்தியது. டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்பதே 1962-ல்தான் வந்தது, அதுவும் ஆளுக்கு 1,500 ரூபாய் வரைக்கும். (2020 பிப்ரவரியிலிருந்து அது ஐந்து லட்சம்.)

அப்படியானால் 1928-ல் மீன் விற்கிற ஒரு அம்மா எதை நம்பி இரண்டணாவைக் கொடுத்திருப்பார்? வங்கியின் பேலன்ஸ் ஷீட்டையா? அந்த அம்மா வங்கியைப் பார்த்தே இருக்க மாட்டார். பார்த்தது ஒரு மனிதரை. நேற்று வந்தார், இன்று வந்தார், நாளைக்கும் வருவார், நம் தெருக்காரர், இன்னாருடைய மகன். அந்தப் பழக்கம்தான் செக்யூரிட்டி. 8,000 ரூபாய் மூலதனத்தோடு தொடங்கிய வங்கியின் உண்மையான மூலதனம் கணக்குப் புத்தகத்தில் ஏறாமல் செருப்புக் காலோடு தெருவில் நடந்துகொண்டிருந்தது.

அந்த நடைக்குப் பலன் கிடைத்தது. 1960-களில் பெயரைச் சுருக்கி சிண்டிகேட் வங்கி ஆனது. 1969 ஜூலை 19-ல், 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அதில் கனராவும் சிண்டிகேட்டும் இருந்தன. 1980-ல் மேலும் ஆறு, அதில் கார்ப்பரேஷனும் விஜயாவும். ஒரே ஜில்லாவில் பிறந்த நான்கு வங்கிகள் தேசிய வங்கிகள் ஆகின. பிக்மியை மற்ற வங்கிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்து எடுத்துக்கொண்டன.

ஊழியரா, இல்லையா?

வங்கி தேசத்தின் சொத்து ஆகிவிட்டது. நடந்தவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் ஏஜெண்டுகள். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். லீவு, பென்ஷன், பிராவிடண்ட் ஃபண்ட் எதுவும் கிடையாது. ஜுரம் என்று படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. 'நாங்கள் வங்கி ஊழியர்களா இல்லையா' என்று கேட்டார்கள். 1980-ல் அந்தக் கேள்வி ஐதராபாத்தில் இருந்த தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனது. வங்கிகள் தரப்பு சொன்ன வாதம்: இவர்களுக்கு வேலை நேரம் கிடையாது, படிப்புத் தகுதி கிடையாது, வேறு தொழிலும் செய்துகொள்ளலாம், ஆகவே இவர்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர்கள்.

தீர்ப்பாயம் 1988-ல் ஏஜெண்டுகளுக்குச் சாதகமாகச் சொன்னது. வங்கிகள் உயர் நீதிமன்றம் போயின, பிறகு உச்ச நீதிமன்றம் போயின. 2001 பிப்ரவரி 13-ல் கடைசித் தீர்ப்பு வந்தது. இவர்கள் தொழிலாளர்கள்தான், கமிஷன் என்பது செய்த வேலைக்கு ஏற்ற கூலிதான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நிரந்தர ஊழியராகச் சேர்க்க வேண்டியதில்லை. மாதம் 7,500 ரூபாய் வசூலுக்குக் குறைந்தபட்சக் கூலி 750 ரூபாய், அதற்கு மேல் வசூலித்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய், போக்குவரத்துப் படி கொஞ்சம், ஒவ்வொரு வருஷ வேலைக்கும் பதினைந்து நாள் கமிஷன் கணக்கில் கிராஜுவிட்டி.

1928-லிருந்து 2001 வரை எழுபத்து மூன்று வருஷம். 'நீ தொழிலாளி' என்று ஒரு வரி கேட்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த வருஷங்களில் ஒரு சாயங்காலம்கூட மீன் மார்க்கெட்டில் யாரும் 'நீங்கள் வங்கி ஆள்தானா' என்று சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

பதினேழு நாள்

இனிமேல்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமான பகுதி.

பிக்மி கணக்குகளில் கொஞ்சத்தை எடுத்து, ஏஜெண்ட் இல்லாமல் ஒரு ஆபீசர் நேரில் போய் வாடிக்கையாளர்களிடம் சரிபார்க்க வேண்டும். வங்கி விதி. 2017 செப்டம்பரில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நம் அண்ணாவுக்குச் சுமார் 140 கணக்கு. மீன் விற்பவர்கள், ஆட்டோக்காரர்கள், தையல்காரர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், மல்லிகைப்பூக்காரர்கள். மாத வசூல் ஏறத்தாழ இரண்டு லட்சம், எங்கள் கிளையில் மூன்று சதவீதம் என்பதால் கமிஷன் ஆறாயிரம். ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது வசூலும் இறங்கும், அவர் வருமானமும் இறங்கும்.

பூக்கடை அம்மா ஒருவர். சங்கரபுரத்து மல்லிகையை அட்டெ, செண்டு என்று கணக்குப் பண்ணி விற்பவர். தினம் இருபது ரூபாய் போடுகிறவர். பேசிக்கொண்டிருக்கும்போதே "ஆகஸ்டில் பதினேழு நாள் கடையே போடவில்லை, மகளுக்குப் பிரசவம், மங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்றார். என் கையில் இருந்த ஸ்டேட்மெண்டைப் பார்த்தேன். அந்தப் பதினேழு நாளும் இருபது இருபதாக வரவு ஏறியிருந்தது!

எனக்கு பி.காம். ஆடிட்டிங் பேப்பர் ஞாபகம் வந்துவிட்டது. 'டீமிங் அண்ட் லேடிங்' என்று ஒரு மோசடி. ஒருவர் கட்டிய பணத்தை எடுத்துத் தின்றுவிட்டு, அடுத்தவர் பணத்தை அவர் கணக்கில் ஏற்றி ஓட்டையை அடைப்பது. யாரோ ஒருவருடைய பணம்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. மாட்டினார் மனுஷர் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மோசடியைக் கண்டுபிடித்தால் ஆபீசருக்கு நல்ல பெயர்தானே.

மூன்று நாள் வெயிலில் அலைந்து 140 கணக்கையும் பார்த்தேன். ரசீது, பாஸ்புக், மெஷின் கணக்கு எல்லாம் சரி. யாருடைய பணத்திலும் ஒரு ரூபாய் குறையவில்லை.

கடைசியில் அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். பதினேழு நாளும் அவருடைய சொந்தப் பணம், 340 ரூபாய்.

"எதுக்கு?"

"விட்டா கை மறந்துடும் ஸார். ஒரு வாரம் போடலேன்னா, அப்புறம் கேட்டா நாளைக்குன்னு சொல்வாங்க. நாளைக்கு வரவே வராது. நான் பாத்திருக்கேன். அவங்க திரும்பி வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா எனக்குக் குடுத்துடுவாங்க."

"எல்லாரும் குடுப்பாங்களா?"

"சில பேர் குடுக்க மாட்டாங்க." சிரித்தார். "எனக்கும் கணக்கு நின்னா கமிஷன் போகுமே ஸார். தர்மம்னு நினைச்சுடாதீங்க."

1985-ல் சைக்கிளோடு வேலைக்கு வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேலாக, ஆள் பார்த்து, இப்படிச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

விதிப்படி இது தப்பு. ஏஜெண்ட் தன் பணத்தை வாடிக்கையாளர் கணக்கில் போடக் கூடாது. விதி முட்டாள்தனமானதும் அல்ல. இன்றைக்கு நல்ல மனதோடு செய்வதை நாளைக்கு வேறொருவர் திருட்டுக்குத் திரையாகப் பயன்படுத்தலாம். நான் ரிப்போர்ட்டில் எழுதினேன். மண்டல அலுவலகத்திலிருந்து எழுத்துமூலம் கண்டிப்பு வந்தது. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க ஸார்" என்றார். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் பூக்கடை அம்மாவுக்கு உடம்பு முடியாமல் மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப் போனது. கடை திறந்த பிறகு அண்ணா தினமும் போய் நின்றார். "நாளைக்கு" என்று பதில் வந்தது. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கிளைக்கு வந்து கணக்கை முடித்துக்கொண்டார். கெடுவுக்கு முன்னால் முடித்ததால் வட்டியும் குறைந்துபோயிற்று. அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். 2019-ல் ஒருநாள் பூ வாங்கப் போனபோது கூடைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை கிடந்தது. வாரக் கடன் அட்டை, கட்டமெல்லாம் கிறுக்கல் கையெழுத்து. அந்தக் கிறுக்கல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ரிப்போர்ட் எழுதாமல் விட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் ஒரு பாரா சேர்த்திருக்கலாம். உடம்பு முடியாத நாட்களில் கணக்கு அறுந்து போகாமல் இருக்க வங்கியே ஏதாவது வழி செய்யலாம், முப்பது வருஷமாக இந்த மனிதர் பார்த்துச் சொல்வதைக் கேளுங்கள் என்று. அதற்கு எந்த விதியும் தடை இல்லை. எனக்குத் தோன்றவில்லை. 140 கணக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை என்பதைக்கூட ரிப்போர்ட்டில் அழுத்திச் சொல்லவில்லை. 'மற்றவை சரியாக உள்ளன' என்று நாலாவது பக்கத்தில் ஒரு வரி.

பிறகு

காலம் வேகமாக ஓடுகிறது. வங்கி வாசலுக்குப் போகாதவர்களிடம் வங்கியை அனுப்ப வேண்டும் என்ற அதே யோசனையில், 2006-ல் ரிசர்வ் வங்கி 'பிசினஸ் கரஸ்பாண்டெண்ட்' என்பவர்களை வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2014-ல் ஜன்தன் வந்தது, 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் அண்ணா வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார். அந்த ஊரடங்குக்கு நடுவிலேயே, ஏப்ரல் 1-ல், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்து அந்தப் பெயர் போயிற்று. கார்ப்பரேஷன் வங்கியும் அன்றைக்கே யூனியன் வங்கியில் கரைந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே விஜயா, பரோடா வங்கிக்குள் போய்விட்டது.

இன்றைக்கு மீன் கூடைமேல் க்யூ.ஆர். அட்டை நிற்கிறது. பணம் வாங்குவதற்கு அதைவிட வசதி கிடையாது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் கடை திறக்கவில்லை என்றால் அது வந்து விசாரிக்காது.

அண்ணா 2022-ல் பையைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதற்கு முன்பே மங்களூருக்கு மாற்றலாகியிருந்தேன். கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று போனில் கேட்டார். நானே கணக்குப் போட்டேன். மாதக் கமிஷன் ஆறாயிரம், அதில் பாதி மூவாயிரம், 37 வருஷம். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய். என் காலத்து வசூல்படி பார்த்தால் வருஷத்துக்கு 24 லட்சம் கொண்டுவந்து கொட்டிய மனிதர். தொகையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். "பரவாயில்ல ஸார், மொத்தமா வருதுல்ல" என்றார். இரண்டணாவை நாற்பத்தைந்து ரூபாய் ஆக்கிக் கொடுத்தே பழகிய மனிதருக்கு மொத்தமாக வருவதின் அருமை தெரியும்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், ஆனாலும் முழுக்கக் கேட்டார். பதினேழு நாள், 340 ரூபாய், ரிப்போர்ட், எல்லாம். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"மார்க்கெட்ல அவருக்கு டீ வாங்கிக் குடுப்பாங்கன்னு சொன்னியே, நெசமாவா?"

"ஆமாப்பா. தினமும்."

"நம்ம கடைக்கு ஆறு வருஷம் வந்தாருப்பா அந்தத் தண்டக்காரரு. ஒரு நாளும் டீ குடுக்கணும்னு எனக்குத் தோணல."

உங்கள் தெருவிலும் தினம் வருகிற யாராவது இருப்பார்கள். அவருடைய உண்மையான பெயர் என்னவென்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எனக்கு ரிப்போர்ட்டில் எழுதத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.